பதினொரு வயது நேசையா

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, வாகைமரத்தடியில், மனு எழுதிக் கொடுப்பவர்கள் ஏழெட்டுப் பேர் மேசை போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளன்று, எல்லா மேசையிலும் ஆள் இருக்கும். ஆனால் வரிசை என்று நிற்பது நேசையாவின் மேசைக்கு முன்னால் மட்டும்தான். இத்தனைக்கும் மற்றவர்கள் பத்து நிமிடத்தில் எழுதுவதை அவர் அரைமணி நேரம் எழுதுவார். அதிலும் எழுதுவதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம்.

“பட்டாவுல உங்க அப்பா பேரு பூதத்தான்னு இருக்கா, பூதப்பாண்டின்னு இருக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி.”

“உங்களுக்கு ஒண்ணு. காகிதத்துக்கு அது ரெண்டு ஆளு. வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கனதான் இருப்பேன்.”

அவர் எழுதிய மனு குறை சொல்லப்பட்டுத் திரும்பி வந்ததில்லை என்று பேர். முப்பத்தைந்து வருடமாக இதே மரம், இதே தொழில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எந்தப் படிவத்தை நீட்டினாலும், எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பக்கத்து மேசைக்காரர்களே அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். “படிவத்துல ஒரு குறையும் கிடையாது. படிக்கிறவன்கிட்டதான் குறை” என்று பதில் சொல்வார். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக.

அப்படிப்பட்டவரை ஒரு செல்போன் படிவம் பதினொரு வயதுப் பையனாக்கியது.

போன வருடம் ஜூன் மாதம் அது நடந்தது. நேசையாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. அவரோடு பாளையங்கோட்டையில் பத்தாவது படித்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் பாபநாசத்தில் கூடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஏற்பாடு முழுவதும் ரிச்சர்டின் கையில். ரிச்சர்ட், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேசையாவுக்கு ஆறாவது வகுப்பிலிருந்து பெஞ்சுத் தோழர், அதே ஆறாவது வகுப்பிலிருந்து எதிரியும்கூட.

“எல்லாம் கும்மியில குரூப் போட்டாச்சுலே. அதுல சேரு. என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு, எல்லாம் அதுலதான் வரும்” என்று போனில் சொன்னார்.

“அதை இப்பவே வாயால சொல்லேன்வே.”

“நாப்பத்திரெண்டு பேருக்கும் வாயால சொல்லணும்னா நான் தொண்டையைக் கழத்தி வச்சிட்டுத்தான் போகணும். உனக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. நான் வந்து போட்டுத் தாரேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை. ரிச்சர்ட் வந்து செய்து கொடுப்பதாவது!

கும்மி என்பது ஊர்க்காரர்கள், படித்த கூட்டம், உறவுக்கூட்டம் எல்லாம் ஒரே இடத்தில் கூடிப் பேசுவதற்கான ஆப். அன்று சாயங்காலமே நேசையா முருகன்குறிச்சி வீட்டு முன்னறையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்துக்கொண்டார். படிவம் நிரப்புகையில் அது அவருக்குப் பழக்கம்.

முதல் திரையே, இங்கிலீஷை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த தமிழில் வந்தது. அவருக்குத் திருப்தி. ‘எங்கள் பிஸ்கட்டுகளை ஏற்றுக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தது. நல்ல உபசரிப்பு என்று நினைத்து ‘ஏற்கிறேன்’ என்பதைத் தொட்டார். அடுத்து, ‘உங்கள் கைப்பிடியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்றது. வெகுநேரம் யோசித்து, பெயரைத்தான் கேட்கிறார்களாக்கும் என்று ‘நேசையா’ என்று எழுதினார். ‘இந்தக் கைப்பிடி ஏற்கனவே பிடிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தது. ‘நேசையா கொக்கிரகுளம்’ என்று போட்டதும் ஒத்துக்கொண்டது.

பிறகு ஒன்பது சின்னப் படங்களைக் காட்டி, பாலம் உள்ளவற்றைத் தொடச் சொன்னது. நேசையா நான்கைத் தொட்டார். தவறு என்றது. மறுபடியும் அதே நான்கு. மறுபடியும் தவறு.

“லில்லி, இங்க வா. இந்த அஞ்சாவது படத்தைப் பாரு. இது பாலமா?”

அவர் மனைவி லில்லி அடுப்படியிலிருந்து வந்து குனிந்து பார்த்தார். “பாலம் மாதிரிதான் இருக்கு.”

“இது மதகு. அடியில ஷட்டர் தெரியுது பாரு. மதகைப் பாலம்னு எழுதிக் கொடுத்தா பொதுப்பணித்துறையில மனுவைத் தூக்கி எறிஞ்சிருவான்.”

“இவன் பொதுப்பணித்துறை இல்லையே. பாலம்னே தொடுங்க.”

தொட்டார். கதவு திறந்தது. பொய் சொல்லி உள்ளே போனதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியாகப் பிறந்த தேதி. நாள், மாதம், வருடம் மூன்றும் மூன்று சக்கரங்களாகச் சுழன்றன. மூன்றாம் தேதியும் பிப்ரவரியும் எளிதில் கிடைத்தன. வருடச் சக்கரம் மட்டும் நடப்பு வருடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு தடவை விரலால் தள்ளினால் இரண்டு வருடமோ மூன்று வருடமோ பின்னால் போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு எங்கேயோ அதலபாதாளத்தில் கிடந்தது. நேசையா தள்ளினார், தள்ளினார். இரண்டாயிரத்துப் பதினாலுக்கு வந்தபோது விரல் வழுக்கி, சக்கரத்துக்கு ஒட்டிக் கீழே இருந்த ‘தொடர்க’ பொத்தானில் பட்டுவிட்டது.

திரை முழுக்க மஞ்சள் நிறத்தில் ஒரு கோழிக்குஞ்சு வந்து குதித்தது. ‘வணக்கம் குட்டி நண்பா! உனக்குப் பதினொரு வயது. ஒரு பெரியவரின் அனுமதி வேண்டும். அவருடைய எண்ணைச் சொல்!’

பின்னால் போகப் பொத்தான் இல்லை. அணைத்துவிட்டுத் திறந்தாலும் அதே குஞ்சு. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஸ்டெபியைக் கூப்பிட்டார். அவள் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு, “எனக்கு அந்த ஆப் தெரியாதுப்பா. எங்க வயசுல யாரும் அதுல இல்ல” என்று வைத்துவிட்டாள்.

வேறு வழியின்றி லில்லியின் எண்ணைக் கொடுத்தார். அவருடைய போன் சிணுங்கியது. ‘உங்கள் குழந்தை நேசையா கும்மியில் சேர விரும்புகிறார். குழந்தைக்கும் உங்களுக்கும் உள்ள உறவு என்ன?’ தாய், தந்தை, பாதுகாவலர் என்று மூன்றே கட்டங்கள்.

“பொண்டாட்டின்னு ஒரு கட்டம் இல்லையேங்க.”

“பதினொரு வயசுப் பயலுக்கு எப்படி இருக்கும்? பாதுகாவலர்னு போடு.”

இங்கே லில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் விடுதி ஒன்றில் இருபத்தாறு வருடமாக வார்டனாக இருப்பவர். எந்தப் பெண் எத்தனை மணிக்கு வெளியே போகலாம், யாரோடு போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பாதுகாவலர் பக்கத்தைத் திறந்து பார்த்தவருக்குப் பழகிய இடத்துக்கு வந்தது போல் இருந்தது. குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பார்க்கலாம் என்று கேட்டிருந்தது. நாற்பத்தைந்து என்று போட்டார். குழந்தை எழுதும் கருத்துகளை முதலில் நீங்கள் படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தது. ஆம் என்று போட்டார். மேலும் கீழும் நகர்த்தி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார்.

“என்ன அவ்வளவு நேரம்?” என்று நேசையா கேட்டார்.

“ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுவியல்லா, படிக்காம கையெழுத்துப் போடக் கூடாதுன்னு. அதான்.”

இப்படியாக நேசையா குரூப்பில் சேர்ந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் குஞ்சு உட்கார்ந்திருந்தது. நாற்பத்திரண்டு பேரும் பார்த்தார்கள். முதல் செய்தி ரிச்சர்டுடையது: ‘தம்பி நேசையா, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?’ அதற்கு முப்பத்தொரு பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள்.

அவருக்கு வந்த பக்கமும் குழந்தைகள் பக்கம்தான். ‘உங்கள் தீவனம் தயாராகிறது’ என்று சொல்லிவிட்டு, யானை ஆற்றில் குளிப்பது, ஏழாம் வாய்ப்பாடு, காகிதத்தில் கப்பல் செய்வது என்று வரிசையாகக் காட்டும். யானையை இரண்டு தடவை பார்த்தார் என்பதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாரம் ரிச்சர்ட் குரூப்பில் அறிவித்தார்: ‘பாபநாசத்தில் மட்டன் பிரியாணி என் பொறுப்பு.’ நேசையாவுக்கு ரத்தம் கொதித்தது. மரத்தடியில் உட்கார்ந்தபடியே எழுதினார்: ‘எட்டாம் வகுப்பில் அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறந்து தின்ற மேற்படி நபரிடம் சமையல் பொறுப்பை ஒப்படைப்பதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.’

செய்தி குரூப்புக்குப் போகவில்லை. விடுதி அலுவலறையில் இருந்த லில்லிக்குப் போனது. அவர் ‘மறு’ என்பதைத் தொட்டார். உடனே நேசையா கூப்பிட்டார்.

“ஏன் மறுத்த?”

“மேற்படி நபர்தான் நம்ம ஸ்டெபி கல்யாணத்துல மூணு நாளா நின்னு பந்தி பாத்தாரு.”

“அது வேற, இது வேற.”

“அப்ப வேற மாதிரி எழுதி அனுப்புங்க. பாக்கேன்.”

முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர்களின் தாளை அடித்துத் திருத்தச் சொன்னவர், அன்று மூன்று முறை திருத்தி எழுதினார். மூன்றும் திரும்பி வந்தன. நாலாவது தடவை கோபத்தில் ‘மகிழ்ச்சி’ என்று ஒற்றை வார்த்தை போட்டார். அது உடனே அனுமதிக்கப்பட்டது.

குரூப் திகைத்துப் போனது. ரிச்சர்ட் பதறிப் போய்ப் போன் செய்தார். “என்னலே, உடம்பு கிடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று நேசையா வயதைத் திருத்தக் கிளம்பினார். ‘அமைப்புகள்’ என்பதற்குள் ‘கணக்கு மையம்’, அதற்குள் ‘அடையாளம்’, அதற்குள் ‘பிறந்த நாள்’ இருந்தது. அதைத் தொட்டால் ‘மாற்ற உதவிப் பக்கத்துக்குச் செல்க’ என்றது. உதவிப் பக்கம், ‘பிறந்த நாளை மாற்ற அமைப்புகளுக்குச் செல்க’ என்றது. வெள்ளைத்தாளில் வழியை வரைந்து பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே கோடு வந்து சேர்ந்தது. ஓரிடத்தில், ‘ரத்து செய்வதை ரத்து செய்யவா?’ என்று கேட்டு, கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பொத்தான்கள். கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டில் எதைத் தொட்டாலும் என்ன நடக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, குறை படிவத்திடம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

‘தோழி’ என்று ஒரு பேச்சுப்பெட்டி இருந்தது. அதில், ‘எனக்கு 61 வயது’ என்று எழுதினார். ‘அருமை! 61 என்பது ஒரு பகா எண். மேலும் கணக்கு விளையாட்டுகள் வேண்டுமா?’ என்று அது கேட்டது.

பிறந்த தேதி அச்சான எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் படம் பிடித்து ஏற்றினார். ஏற்றிய அடுத்த நொடி லில்லியின் போனுக்கு எச்சரிக்கை போனது: ‘உங்கள் குழந்தை ஒரு பெரியவரைப் போல நடிக்க முயன்றார். அவரிடம் அன்பாகப் பேசவும்.’

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லில்லி அன்பாகப் பேசினார்.

அடுத்த நாள் அவர் ஒரு காரியம் செய்தார். கும்மியின் விதிமுறைகளைத் திறந்தார். சேருகிறவர்கள் எல்லாரும் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ போடுகிற அந்த நீளமான பக்கங்களை, தினமும் நாற்பத்தைந்து நிமிடம் வீதம் ஒன்பது நாள் படித்தார். ஒன்பதாம் நாள், ஏறக்குறைய கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில் கிடைத்தது, குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒரு பதவியும் பெங்களூர் முகவரியும்.

அவருக்கு உயிர் வந்தது. அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், முகவரி இருக்கிறது. இது போதும். முழுநீளத் தாளில், கார்பன் வைத்து, தானே தன் மனுவை எழுதினார்.

‘பொருள்: உயிருடனும் நரைத்த தலையுடனும் உள்ள மனுதாரரைத் தங்கள் நிறுவனம் சிறுவன் எனப் பதிவு செய்துள்ளமை – திருத்தம் கோருதல் – தொடர்பாக. மனுதாரருக்குத் திருமணமாகி முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தங்கள் பதிவேட்டின்படி மனுதாரர் பிறப்பதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் திருமணம் நடந்துள்ளது. மேற்படி முரண்பாட்டைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதோடு, மனுதாரர் மதகைப் பாலம் என்று கூறியது தங்கள் வற்புறுத்தலின் பேரிலேயே என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ இணைப்பாக ஏழு நகல்கள். ஒப்புகைச் சீட்டோடு தபாலில் சேர்த்தார்.

பதினெட்டாம் நாள் மரத்தடியில் இருக்கும்போது போன் வந்தது. ஒரு பெண் குரல். பெயர் ஜாய்சி என்றாள், கும்மியின் பெங்களூர் ஆபீஸ், சொந்த ஊர் அம்பாசமுத்திரம்.

“சார், எங்க ஆபீஸுக்குத் தபால்ல வந்த முதல் லெட்டர் உங்களுதுதான். நான்தான் எல்லாருக்கும் படிச்சு அர்த்தம் சொன்னேன். எங்க மேனேஜர் அதை ஃபிரேம் போட்டு மாட்டிட்டாரு.”

“மாட்டுனது இருக்கட்டும்மா. திருத்துனீங்களா?”

“அதை நாங்க செய்ய முடியாது சார். உங்க பாதுகாவலர்தான் செய்யணும். அவங்க பக்கத்துல ‘குழந்தையின் வயதைச் சரிசெய்’னு ஒரு பொத்தான் இருக்குமே. இங்க வேற எதுவும் சுலபமா இல்ல, அது ஒண்ணு மட்டும் பெருசா, சிவப்பா, முதல் பக்கத்துலயே இருக்கும். அவங்க பாக்கலையா?”

நேசையா மேசையை மூடினார். வரிசையில் நின்றவர்களைப் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிட்டு நேரே விடுதிக்குப் போனார். லில்லி ஒரு பெண்ணுக்கு வெளியே போகும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவள் போகும்வரை காத்திருந்தார்.

“சிவப்புப் பொத்தான் ஒண்ணு இருக்காமே.”

லில்லி பேனாவை மூடி வைத்தார். “இருக்கு.”

“எப்பப் பாத்த?”

“மொத நாளே பாத்துட்டேன்.”

“ஏழு வாரம் லில்லி! நாப்பத்திரெண்டு பேர் முன்னால கோழிக்குஞ்சா நின்னேன்.”

“நின்னீங்க.” லில்லிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னார். “முப்பத்துநாலு வருஷத்துல ஒரு காரியம் செய்யதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? வீடு மாத்துனது, வண்டி வாங்குனது, எல்லாம் முடிஞ்ச பொறவுதான் எனக்குத் தெரியும். இந்த ஏழு வாரமா ‘மகிழ்ச்சி’ன்னு போடதுக்குக்கூட என்னைக் கேட்டுட்டுத்தான் போட்டீங்க. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சரி, நாளைக்கு மாத்துவோம், நாளைக்கு மாத்துவோம்னு இருந்துட்டேன்.”

நேசையா ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வாங்கினது உண்மைதான். வீடு மாற்றினதும் உண்மைதான்.

“இப்ப மாத்திருவமா?” என்று லில்லி கேட்டார்.

“நீ சொல்லு.”

“பாத்தீங்களா, கேக்குதீங்க!” என்று லில்லி போனை எடுத்தார். அந்தப் பொத்தானுக்குள்ளும் அதே சக்கரம்தான். “பைய, பைய” என்று நேசையா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இருவருமாகச் சேர்ந்து அறுபத்து நாலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

பெரியவராகி இரண்டு நாளில் நேசையாவின் போன் ஓயாமல் சிணுங்கியது. யானை போய்விட்டது. மூட்டுவலித் தைலமும், வீட்டுமனையும், யாரென்றே தெரியாதவர்களின் பிறந்தநாளும் வந்தன. மூன்றாம் நாள் அவர் பிரியாணியைப் பற்றி மனதில் இருந்ததை யார் அனுமதியும் இல்லாமல் குரூப்பில் எழுதினார். ரிச்சர்ட் பதில் எழுதினார். மத்தியானத்துக்குள் சண்டை முற்றி, நேசையாவைக் குரூப்பிலிருந்து நீக்குகிறேன் என்று ரிச்சர்ட் ஒரு பொத்தானைத் தொட்டார். அது வேறு பொத்தான். குரூப்பே கலைந்துபோனது. நாற்பத்திரண்டு பேரும், தேதியும், இடமும், வேன் ஏற்பாடும் ஒரே நொடியில் காணாமல் போயின.

மறுநாள் காலையில் ரிச்சர்ட் ஒரு பழைய டைரியோடு முருகன்குறிச்சி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடி, “என்ன செய்யதுன்னு தெரியலவே” என்றார். ரிச்சர்ட் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிய விஷயம் என்று நேசையா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். இரண்டு பேரும் இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். இடையிடையே சண்டை போட்டுக்கொண்டார்கள். பாபநாசத்துக்கு முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர்கள் பிரியாணியை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார்கள். நேசையாவும் இரண்டு தடவை வாங்கினார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

ஆனால் ஜாய்சியின் போன் வந்த செய்தி மரத்தடியில் பரவிவிட்டது. கம்பெனிக்காரனையே பேச வைத்த மனு என்று பெயராகி, இப்போது திங்கட்கிழமைகளில் பட்டாவோடும் உதவித்தொகையோடும் செல்போன் வழக்குகளும் வருகின்றன. படத்தை அழிக்க முடியாதவர்கள், கடவுச்சொல் மறந்தவர்கள், இறந்துபோனதாகப் பதிவானவர்கள். எல்லாவற்றுக்கும் நேசையா அந்தந்த விதிமுறைகளைத் தேடிப் படித்து, பொடி எழுத்தில் இருக்கும் அலுவலருக்கு முழுநீளத் தாளில் எழுதுகிறார்.

போன வாரம் மேலப்பாளையத்திலிருந்து ஷமீம் என்று ஒரு பெண் வந்தார். தையல்கடை வைத்திருப்பவர். கடைக்கு ஒரு பக்கம் திறக்கும்போது, எந்தப் பொத்தானைத் தொட்டாரோ, தையலகம் என்பதற்குப் பதிலாக உணவகம் என்று பதிவாகிவிட்டது.

“ஒரு மாசமா போன் வருது அண்ணாச்சி, பரோட்டா இருக்கான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மொதல்ல இல்லன்னு சொன்னேன். பொறவு ஒருத்தர் தென்காசியில இருந்து அம்பது பரோட்டா கேட்டாரு. பாவமா இருந்துச்சு. பக்கத்துக் கடையில வாங்கிக் கொடுத்துட்டேன். அவரு போய் நல்லா இருக்குன்னு எழுதிட்டாரு. இப்பத் தினமும் ஆளு வருது.”

நேசையா பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப உணவகம்ங்கிறதை எடுக்கச் சொல்லி எழுதவா, வேண்டாமா? தெளிவாச் சொல்லுங்க.”

“எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. ஜாக்கெட்டும் தைப்போம்னு பக்கத்துல ஒரு வரி சேக்கச் சொல்லி எழுதுங்க.”

நேசையா தாளை நேராக வைத்து, கார்பனைச் செருகி, ‘பொருள்’ என்று எழுதத் தொடங்கினார்.